கம்ப்யூட்டருக்கு எத்தனை தட்டு?

கம்ப்யூட்டரா? அக்கா மக சடங்குக்குக் கம்ப்யூட்டரா கேட்டிருக்கு? அட, உட்காருங்க தம்பி. தட்டு அப்புறம் பார்த்துக்கலாம், தாம்பாளம் எங்கே ஓடிப்போகப் போகுது? இந்த உசிலம்பட்டி பஜார்ல உங்களுக்குத் தட்டு எடுத்துக் குடுக்க என் பாத்திரக்கடை மாதிரி எத்தனையோ கடை இருக்கு. ஆனா தாய்மாமன் சீருக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் குடுத்துட்டு, மெல்லவும் முடியாம முழுங்கவும் முடியாம நிக்கிறவன் நான் ஒருத்தன்தான். அதனால கேட்டுட்டுப் போங்க. டீ சொல்றேன்.

எனக்குக் கூடப் பிறந்தது ஒரே அக்கா, தவமணி. செக்கானூரணியில கட்டிக் குடுத்திருக்கு. மச்சான் காசிமாயன் செங்கல் சூளை வச்சிருக்காப்ல. நல்ல மனுசன். என்ன, அவர் வாயைத் திறந்தா வீட்டுல மத்தவங்க வாயை மூடிக்கணும், அம்புட்டுதான். அவுகளுக்கு ஒரே பொண்ணு, தர்ஷிகா. எட்டாவது படிக்குது. போன ஆடியில பெரிய மனுசி ஆச்சு. ஆடியில விசேஷம் வைக்கக்கூடாதுன்னு சடங்கை ஆவணிக்குத் தள்ளிட்டாக. அதுவரைக்கும் பிள்ளை பின்கட்டு ரூம்லதான். தட்டு தனி, டம்ளர் தனி, பாய் தனி. சடங்கு முடியட்டும்னு பள்ளிக்கூடத்துக்கும் மச்சான் அனுப்பல. கையில வச்சிருந்த போனையும் வாங்கி வச்சுக்கிட்டாப்ல. வயசுக்கு வந்த பிள்ளைக்குப் போன் எதுக்குங்கிறது அவர் கணக்கு. அதுவும் ஒரு விதத்துல சரிதான், இல்லையா?

ஒரு நாள் அக்கா போன்ல இருந்து பிள்ளை பேசுச்சு. "மாமா, சீருக்கு என்ன வேணும்னு உங்ககிட்டயே சொல்லிரச் சொன்னாங்க அம்மா. எனக்கு நகை வேணாம் மாமா. சேலை வேணாம். ஒரு லேப்டாப் வாங்கித் தர்றீங்களா? பெருசெல்லாம் வேணாம். மடியில வச்சுக்கிற மாதிரி சின்னதா."

"எதுக்குத்தா?"ன்னேன்.

"பாடம் படிக்கலாம். படம் பார்க்கலாம். அப்புறம்... சும்மா கொஞ்சம் கேம் ஆடலாம்."

கேம்னா என்னமோ சண்டை, துப்பாக்கின்னு நினைச்சேன். அதெல்லாம் இல்லையாம். கட்டை கட்டையா அடுக்கி வீடு கட்டுற விளையாட்டாம். ஜாஸ்மின்னு கூடப் படிச்ச பிள்ளை ஒண்ணு, அது அப்பாவுக்கு மாத்தலாகி நாகர்கோயில் போயிருச்சு. அது அங்கிருந்து ஒரு சுவர் வைக்கும், இது இங்கிருந்து ஒரு சுவர் வைக்கும். ரெண்டும் சேர்ந்து ஒரே வீட்டைக் கட்டுதுக. வேடிக்கையா இல்ல? "இந்த ரூம்ல யாரோடயும் பேச முடியல மாமா. அதுல போனா ஜாஸ்மின் இருப்பா"ன்னுச்சு. நான் தூக்கி வளர்த்த பிள்ளை. "ஏன்த்தா கலங்குற, மாமன் எதுக்கு இருக்கேன்?"னு சொல்லிட்டு வச்சேன். அன்னைக்கு ராத்திரியே கலாவதிகிட்டச் சொல்லிட்டேன், பிள்ளை கம்ப்யூட்டர் கேட்டுருச்சு, வாங்கியே ஆகணும்னு.

கலாவதி என் வீட்டுக்காரி. எங்க அக்கா வீட்டுக்குச் செய்யிறதுன்னா அவ மூஞ்சி எப்படி இருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல, உங்களுக்கும் கல்யாணம் ஆயிருக்கும். ஆனா ஒண்ணு சொல்லணும். செய்யிறதுன்னு ஆயிட்டா நாலு பேர் மெச்சுற மாதிரி செய்யணும்னு நிப்பா. ரெண்டு பேரும் மதுரைக்குக் கிளம்புனோம்.

கடைக்குள்ள போனா குளுகுளுன்னு இருக்கு. கழுத்துல அட்டை தொங்கவிட்ட ஒரு பொண்ணு வந்து, "என்ன யூஸுக்கு சார்?"னு கேட்டுச்சு. அண்டா வாங்க வர்றவங்ககிட்ட நான் என்னைக்காச்சும் அப்படிக் கேட்டிருக்கேனா? சொன்னேன், பிள்ளை படிக்கும், படம் பார்க்கும், சும்மா கேம் ஆடும்னு. அந்தப் பொண்ணு ஒரு லேப்டாப்பை எடுத்து முன்னால வச்சு, "இதுவே தாராளமா போதும் சார். தினசரி வேலைக்கு நல்லா ஓடும், சின்னக் கேமெல்லாம் ஆடும், சார்ஜ் நிக்கும், பாப்பா எங்க வேணாலும் எடுத்துட்டுப் போகலாம்"னுச்சு.

நான் அதைக் கையில எடுத்துப் பார்த்தேன். முப்பது வருசமா எவர்சில்வர்லயும் பித்தளையிலயும் புழங்குற கை தம்பி இது. சாமானை எடுத்தா எடை சொல்லணும், தட்டுனா சத்தம் சொல்லணும். அது ஒண்ணுமே சொல்லல. தட்டிப் பார்த்தேன், டொக்குன்னுச்சு. "தகடு என்ன கனம், எத்தனை கேஜும்மா?"ன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு பேந்தப் பேந்த முழிக்குது. கலாவதி என் காதுல சொன்னா, "ஏங்க, இதைத் தாம்பாளத்துல வச்சா அப்பளக்கட்டு மாதிரில்ல இருக்கும்? உங்க அக்கா வீட்டு ஆளுக என்ன பேசுவாக?"

அங்கேதான் நான் மாட்டுனேன் தம்பி. நல்லா யோசிச்சுப் பாருங்க. மச்சானோட பங்காளி வீட்டுச் சடங்குக்கு ஒரு தாய்மாமன் டிராக்டர்ல ஃப்ரிட்ஜை நிக்க வச்சுக் கொட்டு மேளத்தோட கொண்டு வந்தவன். இன்னும் அந்த ஊர்ல அதைத்தான் பேசுறாக. நானோ பாத்திரக்கடைக்காரன். இந்தச் சுத்துவட்டாரத்துல எவன் சீர் செஞ்சாலும் தட்டு என் கடையில எடுத்தது. ஊருக்கே சீர் எடுத்துக் குடுக்கிறவன், சொந்த அக்கா மகளுக்கு ஒத்தத் தட்டுல அப்பளக்கட்டோட போய் நின்னா காறித் துப்ப மாட்டானா? பிள்ளை கேட்டதையும் குடுக்கணும், பார்க்கிறவன் வாயையும் அடைக்கணும். ரெண்டுக்கும் நடுவுல கிடந்து நான் முழிக்கிறேன். உங்களுக்கும் அந்த நிலைமைதானே வரப்போகுது.

"வேற காட்டும்மா, பெருசா"ன்னேன். அந்தப் பொண்ணு உள்ளே கூட்டிட்டுப் போய்க் காட்டுச்சு பாருங்க, ஆத்தாடி! ஒரு பெட்டி, ஒரு பக்கம் பூரா கண்ணாடி. உள்ளே மூணு ஃபேன் சுத்துது, சுத்த சுத்த சிவப்பு, பச்சை, ஊதான்னு கலர் மாறுது. திருவிழாவுல சீரியல் செட் போட்ட மாதிரி. அதுக்கு முன்னால கதவு அகலத்துக்கு ஒரு திரை. கீபோர்டு கூட எரியுது தம்பி! எழுத்துக்கு எழுத்து லைட்டு! தூக்கிப் பார்த்தேன், நல்ல கனம், ஒரு ஆள் தூக்குனா மூச்சு வாங்கும். மனசுக்கு நிறைவா இருந்துச்சு.

"சார், இது பெரிய பெரிய கேம் ஆடுறவங்களுக்கு. பாப்பா ஆடுற கேமுக்கு இவ்வளவு தேவையில்ல. பாப்பா லேப்டாப்தானே கேட்டாங்க?"ன்னுச்சு அந்தப் பொண்ணு. வித்தா லாபம்னு இல்லாம இப்படியும் ஒரு வியாபாரமா? "லேப்டாப்புக்கு எத்தனை தட்டு வரும்மா?"ன்னு கேட்டேன். ஒத்த விரலைக் காட்டுச்சு. "இதுக்கு எத்தனை தட்டு வரும், நீயே எண்ணு"ன்னேன். திரை ஒண்ணு, பெட்டி ஒண்ணு, கீபோர்டு ஒண்ணு, மவுஸ் ஒண்ணு, ஸ்பீக்கர் ரெண்டு, கரண்டு போனா தாங்குறதுக்கு யு.பி.எஸ் ஒண்ணு. ஏழு! ஒத்தப்படை! கலாவதி முகத்துல கல்யாணத்துக்கப்புறம் அன்னைக்குத்தான் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்தேன். பில்லைப் போடச் சொல்லிட்டேன்.

சீர் கொண்டு போன அழகைப் பார்த்திருக்கணுமே நீங்க. பழத்தட்டு, பூத்தட்டு, சேலைத்தட்டு எல்லாம் முன்னால போகுது. பின்னால ஏழு பொம்பளைக வரிசையா கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு வர்றாக. மவுசுக்குத் தனித் தட்டு தம்பி, வெத்தலை பாக்கு பரப்பி, நடுவுல மவுசை வச்சு, பக்கத்துல ஒரு தேங்காய். மேளக்காரங்க ஜெனரேட்டர்ல இருந்து வயர் இழுத்து அந்தப் பெட்டியை எரியவிட்டுட்டோம். பட்டப்பகல்லயே ஜொலிக்குது. ஊரே வாசல்ல. அந்த ஃப்ரிட்ஜ் கொண்டு வந்தவன் இருக்கானே, அவனும் வந்திருந்தான், வாயைப் பொளந்துக்கிட்டு நின்னான். மச்சான் என்னைக் கட்டிப் பிடிச்சு, "மாப்ள, என் மானத்தைக் காப்பாத்திட்டீங்க"ன்னாப்ல. இருபது வருசத்துல அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

பிள்ளை மேடையில உட்கார்ந்திருந்துச்சு. அத்தனை நகை, அத்தனை மாலை, தலை நிமிர முடியல. நான் மாலை போட்டுக் குனிஞ்சப்ப, "மாமா, லேப்டாப் எந்தத் தட்டுல இருக்கு?"ன்னு கேட்டுச்சு. "அடி கழுதை, லேப்டாப்புக்கெல்லாம் அப்பன்டி இது!"ன்னேன். அந்த ஏழு தட்டையும் ஒரு பார்வை பார்த்துச்சு. அப்புறம் மெல்ல, "இதுலயும் ஜாஸ்மின் வருவாளா மாமா?"ன்னுச்சு. வராம எங்கே போவா? "இன்னைக்கே வருவா"ன்னேன். பிள்ளை முகம் மலர்ந்துச்சு பாருங்க, அதுக்கே எம்புட்டு வேணாலும் செய்யலாம்.

சாப்பாடெல்லாம் முடிஞ்சு போட்டோக்காரன் வந்து, சீரோட பிள்ளையை ஒரு படம் எடுக்கணும்னான். ஹால் நடுவுல மேசையைப் போட்டு மாட்டியாச்சு. நெட்டுக்கு என்ன பண்றதுன்னா, அவன் போன்ல இருந்தே குடுத்தான். பட்டுச்சேலையும் சடைநாகமுமா பிள்ளை அது முன்னால உட்கார்ந்து கையை மவுஸ் மேல வச்சுச்சு. போட்டோக்காரன் இங்க பாருங்கிறான், அங்க பாருங்கிறான், பிள்ளை திரையை விட்டுத் திரும்புனாத்தானே. கடகடன்னு என்னத்தையோ தட்டுது. திரையில ஒரு வீடு வந்துச்சு. பொம்மை வீடுதான், ஆனா நல்லாத்தான் கட்டியிருந்துதுக.

அந்த நேரம் பார்த்து ரெண்டு ஸ்பீக்கர்லயும் ஒரு சத்தம். "ஏய் தர்ஷி! நெசமாவே நீதானா? எங்கடி போயிட்ட? டெய்லி வந்து பார்த்துட்டுப் போறேன்டி நான். நீ வைக்க வேண்டிய சுவரையும் நானே வச்சுட்டேன். ஏன்டி பேச மாட்டேங்குற?" ஹால் பூரா கேக்குது தம்பி. சொந்தபந்தம் எல்லாம் உட்கார்ந்திருக்கு. பிள்ளைக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துருச்சு. பேசுறதுக்கு மைக் வாங்கல நானு. அதையும் வாங்கியிருந்தா தட்டு எட்டாயிருக்கும், ரெட்டைப்படை ஆகாது. அதனால அது விறுவிறுன்னு எழுத்துல பதில் அடிச்சுக்கிட்டு இருந்துச்சு.

மச்சான் எந்திரிச்சு வந்து பிளக்கைப் பிடுங்கிட்டாப்ல. "விசேஷ வீட்டுல என்ன கூத்து இது"ன்னு ஒரே வார்த்தை. லைட்டெல்லாம் அணைஞ்சு போச்சு. பிள்ளை கை மட்டும் இன்னும் தட்டிக்கிட்டே இருந்துச்சு. யாரோ சிரிச்சாக. நானும் சிரிச்சு வச்சேன், சபையில வேற என்ன பண்றது?

சரி, அது அன்னைக்கோட போச்சுன்னு இருந்தேன். பத்துப் பதினஞ்சு நாள் கழிச்சு அக்கா போன்ல இருந்து பிள்ளை கூப்பிடுது. குரலே வெளிய வரல. "மாமா, ஒரு தடவை வீட்டுக்கு வாங்க மாமா." போனேன். ஹால்ல கம்ப்யூட்டரைக் காணோம். எங்கேக்கான்னு கேட்டா, அக்கா பரணைக் காட்டுது. ஏழு சாமானையும் பழையபடி அட்டைப்பெட்டியில போட்டு, துணி சுத்தி, கயிறு கட்டி மேலே ஏத்தியிருக்காக. பக்கத்துலதான் பித்தளை அண்டா, குத்துவிளக்கு, குடம். பிள்ளை பிறந்ததுல இருந்து வருசத்துக்கு ஒண்ணா என் கடையில எடுத்துச் சேர்த்ததுதான் அம்புட்டும்.

"அவ கல்யாணத்துக்கு அப்படியே புதுசா கொடுத்தனுப்பலாம்ல சோலை. இப்பப் பிரிச்சா கீறல் விழுந்துரும்"னு என் பேரைச் சொல்லிச் சொல்லுச்சு அக்கா.

எனக்கு ஒரு வகையில பெருமையாத்தான் இருந்துச்சு. எம் பொருளை அம்புட்டு மதிப்பா வச்சிருக்காகளே! பித்தளை பத்து வருசம் பரண்ல கிடந்தா கெட்டா போகுது? புளி போட்டுத் தேய்ச்சா தங்கமா மின்னும். பிள்ளைதான் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அது பாத்திரம் இல்ல மாமா. அதுக்குள்ள அது ஒண்ணுத்துக்கும் ஆகாமப் போயிரும் மாமா. நீங்க அதைக் கடையில திருப்பிக் குடுத்துட்டு அந்தச் சின்ன லேப்டாப்பை வாங்கிக் குடுங்க. இல்ல, இறக்கி வைக்கவாச்சும் சொல்லுங்க. நீங்க சொன்னா அப்பா கேப்பாரு"ன்னு அழுகுது.

திருப்பிக் குடுக்கவா? எனக்குச் சுருக்குன்னுச்சு. சீரைத் திருப்பித் தூக்கிட்டுப் போன தாய்மாமன்னு எவனாச்சும் உண்டா தம்பி? என்னை என்ன நினைச்சுட்டா அவ? ஏழு தட்டுல வச்சு, மேளம் கொட்டி, ஊர் பார்க்கக் குடுத்தது. அப்பவும் நான் கோவத்தைக் காட்டிக்கல. இறக்கி வைக்கச் சொல்றதாச்சும் சொல்லிப் பார்க்கலாமான்னு மச்சான் பக்கம் திரும்புனேன். அவர் நாற்காலியில உட்கார்ந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாப்ல. பேப்பரை மடிச்சு என்னையப் பார்த்தாப்ல. அம்புட்டுதான். என் மானத்தைக் காப்பாத்திட்டீங்கன்னு கட்டிப் பிடிச்ச மனுசன்கிட்ட நான் எந்த வாயால சொல்றது? குடுக்கிற வரைக்கும்தான் மாமன் பொருள். குடுத்தப்புறம் அது அவுக வீட்டுப் பொருள். "அக்கா சொல்றதும் சரிதானத்தா"ன்னேன்.

பிள்ளை என் கையை விட்டுருச்சு. கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "அப்ப எனக்குச் சீக்கிரம் கல்யாணம் பண்ணி வைங்க"ன்னுச்சு.

மச்சான் விழுந்து விழுந்து சிரிச்சாப்ல. அக்கா சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன். சின்னப்பிள்ளை வாயில வர்ற பேச்சைப் பாருங்கன்னு எல்லாரும் சிரிச்சோம். அவ மட்டும் சிரிக்கல, பின்கட்டு ரூமுக்குப் போயிட்டா. இப்ப அந்த ரூமையே அவளுக்குக் குடுத்துட்டாக.

அதுக்கப்புறம் ரொம்ப நல்ல பிள்ளையா ஆயிட்டா, அதையும் சொல்லணும்ல. போனா தண்ணி கொண்டு வந்து குடுக்கிறா. கேட்ட கேள்விக்குப் பதில். எதுவும் வேணும்னு கேக்கிறதில்ல. முந்தியெல்லாம் அவ சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்கும். போன ஞாயித்துக்கிழமை போயிருந்தப்ப மச்சானோட சித்தி ஒண்ணு வந்திருந்துச்சு. "என்னடி, பெருசானா என்ன ஆகப் போற?"ன்னு கேட்டுச்சு. ரெண்டு வருசத்துக்கு முன்னால இதே கேள்விக்கு, வீடு கட்டுற இன்ஜினியர் ஆவேன், கப்பல் ஓட்டுவேன், மாமா கடையை மாடி வச்சுக் கட்டிக் குடுப்பேன்னு மூச்சு விடாம அடுக்குனவ. இப்பக் கொஞ்சங்கூட யோசிக்கல. "கல்யாணம் பண்ணிக்குவேன்"ன்னா. சொல்லிட்டு அண்ணாந்து பரணை ஒரு பார்வை பார்த்தா.

நல்ல பதில்தானே தம்பி? பொம்பளப் பிள்ளை சொல்ல வேண்டிய பதில்தானே? எல்லாரும் மெச்சுனாக. எனக்கு என்னமோ அன்னைக்கு அக்கா வீட்டுல சோறு இறங்கல. கறிக்குழம்பு வச்சிருந்துச்சு, அக்கா கை ருசி உங்களுக்குத் தெரியாது. இலையை மடிச்சுட்டு எந்திரிச்சிட்டேன். பஸ்ல வர்றப்பவும் நெஞ்சுல ஏதோ நிக்கிற மாதிரியே இருந்துச்சு. வாய்வுன்னு கலாவதி இஞ்சி தட்டிக் குடுத்தா, கேக்கல. இன்னும் கேக்கல.

அதனால சொல்றேன், கம்ப்யூட்டர் வாங்குனா இதெல்லாம் இருக்கு, யோசிச்சு வாங்குங்க. வாங்குறதுன்னு ஆயிட்டா பெருசா வாங்குங்க. சரி, எத்தனை தட்டு எடுத்து வைக்க? பதினொண்ணா, இருபத்தொண்ணா?

என்ன, ஒண்ணா?

ஒரே ஒரு தட்டா? தம்பி, வெளாடாதீங்க. ஒத்தத் தட்டை வச்சுக்கிட்டு எப்படி ஊர்வலம் போவீங்க? ஊர்வலம் இல்லையா? நேராப் போய்ப் பிள்ளை கையிலயே குடுக்கப் போறீங்களா? உங்க மச்சான் ஒண்ணும் சொல்ல மாட்டாரா? சொன்னா சொல்லட்டும்கிறீங்களா? அது சரி.

சரி, அப்ப இந்தத் தட்டை வச்சுக்கங்க, நல்ல கனமான தட்டு. பேர் வெட்டித் தர்றேன், மெசின் இங்கேயேதான் இருக்கு. உங்க பேர் சொல்லுங்க, "தாய்மாமன்"னு போட்டு அடுத்தாப்ல இன்னார்னு வெட்டிருவோம், எல்லாருக்கும் அப்படித்தான்.

வேணாமா? பிள்ளை பேரா?

முப்பது வருசமா சீர்த்தட்டுக்குப் பேர் வெட்டுறேன் தம்பி. குடுக்கிறவன் பேரைத்தான் வெட்டியிருக்கேன். ஒருத்தன்கூடப் பிள்ளை பேரைச் சொன்னதில்ல, நானும் யாரையும் கேட்டதில்ல.

சொல்லுங்க. பிள்ளை பேரு என்ன?